கதவு ஜன்னலுக்குப் பெயிண்டா, ஸ்டெயினா? மரத்தைப் பார்த்து முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் பாட்டி வீட்டு வாசல் கதவு பர்மா தேக்கு. சித்தப்பா கல்யாணத்துக்கு வீடு பளிச்சென்று இருக்கட்டும் என்று அதற்கும் நிலைக்கும் சாக்லேட் நிற எனாமல் அடித்துவிட்டார்கள். பல வருடம் கழித்து அதைச் சுரண்டி எடுக்க உட்கார்ந்தபோதுதான் அந்த ஒரு நாள் வேலை எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது என்று தெரிந்தது. தட்டையான இடங்களில் பெயிண்ட் உரிந்து வந்தது. பூவேலைப்பாட்டின் பள்ளங்களிலும் தேக்கின் நுண்துளைகளிலும் புகுந்தது இன்றும் பழுப்புப் புள்ளிகளாக அப்படியே இருக்கிறது.

அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்டெயின் போட்ட மரத்துக்கு என்றைக்கு வேண்டுமானாலும் பெயிண்ட் அடித்துக்கொள்ளலாம். பெயிண்ட் அடித்த மரத்தை மறுபடி ஸ்டெயினுக்குக் கொண்டுவருவது பெரும்பாடு. நல்ல மரம், முடிவெடுக்க முடியவில்லை என்றால் முதலில் ஸ்டெயின் பக்கம் போங்கள். அதற்காகப் பெயிண்ட்டைக் குறைவாக நினைக்க வேண்டாம். நம் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் பெயிண்ட்தான் சரி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய இடங்கள் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கின்றன. எந்த இடத்துக்கு எது என்று பிரிப்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இரண்டும் மரத்தில் என்ன செய்கின்றன

பெயிண்ட் மரத்தின் மேல் ஒரு தோலாக உட்காருகிறது. அதிலுள்ள நிறத்தூள் மரத்தை முழுக்க மறைக்கிறது. மறைப்பதால் சூரியனின் புற ஊதாக் கதிரும் மரத்தைத் தொடுவதில்லை. ஸ்டெயின் மரத்துக்குள் ஊறி நிறம் கொடுக்கிறது, ரேகை தெரியும். ஆனால் வீட்டுக்குள் பயன்படுத்தும் சாதாரண ஸ்டெயின் வெறும் நிறம்தான், அதற்குப் பாதுகாப்புச் சக்தி மிகக் குறைவு. அதன் மேல் மரத்தின் நுண்துளைகளை அடைக்கும் சீலர், பிறகு மெலமைன் அல்லது பி.யு. (பாலியூரித்தேன்) போன்ற ஒரு தெளிந்த பூச்சு வந்தால்தான் வேலை முடியும். நாம் பொதுவாக 'பாலிஷ் போடுவது' என்று சொல்வது இந்த மொத்த அடுக்கையும் சேர்த்துத்தான். கடையில் ஸ்டெயின் டப்பாவை மட்டும் வாங்கிவந்து அடித்துவிட்டு, ஆறு மாதத்தில் மங்கிவிட்டதே என்று வருத்தப்படுபவர்கள் அதிகம்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். மரம் வெட்டிய பிறகும் ஈரத்துக்கு உப்பி, வெயிலுக்குச் சுருங்கிக்கொண்டேதான் இருக்கும். நீளவாக்கில் இந்த அசைவு அநேகமாக இல்லை. அகலவாக்கில்தான் எல்லாம் நடக்கும். கார்த்திகையில் கதவு நிலையில் இடிப்பதும் சித்திரையில் அதே கதவில் இடுக்கு தெரிவதும் இதனால்தான். பெயிண்ட் இந்த அசைவுக்கு ஓரளவுதான் ஈடுகொடுக்கும், அதனால் சட்டமும் பலகையும் சேரும் மூட்டுகளில் மயிரிழை விரிசல் விடும். அந்த விரிசல் வழியே தண்ணீர் இறங்கினால் பெயிண்ட் பொரிந்து உரியும்.

படி 1: கையில் இருப்பது என்ன மரம்?

நிறத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் இதைப் பாருங்கள். பழைய கதவு என்றால் கீல் இருக்கும் பக்கத்தில், வெளியே தெரியாத இடத்தில் ஒரு விரல் அகலத்துக்கு உப்புத்தாளால் தேய்த்துப் பார்த்தால் உள்ளே இருப்பது தெரிந்துவிடும்.

தேக்கு: பெயிண்ட் அடிக்காதீர்கள், அவ்வளவுதான். சில தேக்குப் பலகைகளில் வைரப் பகுதியும் ஓரத்து வெள்ளைப் பகுதியும் கலந்திருக்கும். வெள்ளைப் பகுதி மட்டும் தனியாகத் தெரிகிறதே என்று பெயிண்ட்டுக்குப் போக வேண்டாம். ஸ்டெயின் இருப்பதே அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டத்தான். வெள்ளைப் பகுதிக்கு மட்டும் ஒரு முறை கூடுதலாக நிறம் கொடுத்து ஒன்றாக்கலாம்.

வேங்கை: நம் பக்கத்தில் ஜன்னலுக்கும் உள் நிலைகளுக்கும் அதிகம் போடும் மரம். ரேகை அழகாகவே இருக்கும், ஸ்டெயின் நன்றாகப் பிடிக்கும். ஒரு எச்சரிக்கை: வேங்கை ஈரமானால் மஞ்சளாகச் சாயம் விடும். அதன் மேல் நேரடியாக வெள்ளைப் பெயிண்ட் அடித்தால் சில மாதங்களில் மஞ்சள் திட்டுகள் மேலே வரலாம். பெயிண்ட்தான் வேண்டும் என்றால் முதலில் அவலரக்கு (ஷெல்லாக்) சேர்த்த, கறையை மேலே விடாத பிரைமர் அடிக்க வேண்டும்.

வேம்பு, பூவரசு, பலா: வீட்டுக் கொல்லையில் நின்ற மரத்தை அறுத்துச் செய்தது என்றால் எனக்குப் பெயிண்ட் அடிக்க மனமே வராது. பலா மஞ்சளாக இருந்து வருடங்கள் போகப் போகச் செம்பழுப்பாக முதிரும். அதற்கு ஸ்டெயின்கூட வேண்டாம், தெளிந்த பூச்சு மட்டும் போதும்.

பைன், ரப்பர் மரம்: பைன் மரத்தில் ஸ்டெயின் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். நீர்க்கச் செய்த சீலரை ஒரு கை (ஒரு கோட்டிங்) அடித்து, காய்ந்தபின் லேசாகத் தேய்த்துவிட்டு ஸ்டெயின் போட்டால் சமமாக வரும். முடிச்சுகளில் பிசின் கசியும், அது பெயிண்ட்டையும் தாண்டி வரும். முடிச்சின் மேல் மட்டும் அவலரக்கு தடவிவிடுங்கள். ரப்பர் மரம் ஸ்டெயினுக்கு ஏற்றது.

பிளைவுட், ஃபிளஷ் கதவு: மேலே நல்ல வெனீர் (மெல்லிய மரத்தகடு) ஒட்டியிருந்தால் ஸ்டெயின். சாதாரண முகம் என்றால் பெயிண்ட். வெனீர் அரை மில்லிமீட்டர்கூட இல்லாமல் இருக்கும், மெஷின் வைத்துத் தேய்த்தால் அடிப்பலகை வெளியே வந்துவிடும். கையாலேயே தேயுங்கள்.

எம்.டி.எஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை): ரேகையே கிடையாது, பெயிண்ட் ஒன்றுதான் வழி. அறுத்த ஓரங்கள் பெயிண்ட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், அங்கே பிரைமரை இரண்டு மூன்று முறை அடிக்க வேண்டியிருக்கும்.

படி 2: வெயில் எந்தப் பக்கம்?

மேற்குப் பார்த்த ஜன்னலில் மதியம் ஒரு மணிக்கு மேல் கையை வைத்துப் பாருங்கள். சன்ஷேட் இருந்தும் மாலை வெயில் சாய்வாக உள்ளே புகுந்து மரத்தைச் சுடும். தெளிந்த பூச்சு வழியாகப் புற ஊதாக் கதிர் உள்ளே போய், மரநார்களைப் பிணைத்திருக்கும் லிக்னினை அரிக்கிறது. பூச்சு நன்றாகவே இருக்கும், அது பிடித்திருந்த மேல்படலம் கெட்டுப்போகும். பிறகு பூச்சு செதில் செதிலாக எழும்பும். எவ்வளவு விலை உயர்ந்த பாலிஷ் போட்டாலும் நேர் வெயிலில் இதைத் தள்ளிப்போடலாமே தவிர நிறுத்த முடியாது.

எனவே வெயிலும் மழையும் நேராக அடிக்கும் ஜன்னலின் வெளிப்பக்கம், மொட்டை மாடிக் கதவு, கொல்லைக் கதவு, கேட்டின் மரப்பட்டைகள் ஆகிய எல்லாவற்றுக்கும் எனாமல் அடியுங்கள். ஆழமான வராந்தா வைத்த வீட்டின் வாசல் கதவு, உள் அறைக் கதவுகள், பூஜை அறைக் கதவு, அலமாரி, மாடிப்படிக் கைப்பிடி ஆகியவை ஸ்டெயினுக்கு உரியவை.

ஒரே ஜன்னலில் வெளியே பெயிண்ட், உள்ளே ஸ்டெயின் என்று வைப்பதில் எந்தத் தவறும் இல்லை. நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். எந்த ஓரத்தை எந்த நிறத்தில் முடிப்பது என்ற குழப்பம் வரும். கதவு எந்த அறைக்குள் திறக்கிறதோ, அந்த அறையின் பூச்சு பூட்டுப் பக்க ஓரத்துக்கு. கீல் பக்க ஓரம் எதிர்ப்பக்கத்தோடு சேரும். திறந்து நிற்கும்போது கண்ணுக்கு ஒரே நிறம் தெரியும்.

குளியலறைக் கதவு மரமாக இருந்தால் பெயிண்ட். அதன் அடிவிளிம்புக்குப் பெயிண்ட் போகிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். மாட்டிய பிறகு அடிக்கும்போது அடிவிளிம்பை யாரும் தொடுவதில்லை, கதவு உளுத்துப்போவது அங்கிருந்துதான். ஆசாரி கதவை மாட்டும் முன்பே மேல் விளிம்பு, கீழ் விளிம்பு இரண்டுக்கும் இரண்டு கை அடித்துவிட வேண்டும். ஸ்டெயின் போடும் கதவுக்கும் இதே கதைதான், அங்கே சீலர்.

படி 3: ஏற்கெனவே என்ன பூசியிருக்கிறது?

இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஒரு நிமிடத்தில் ஊறி மரம் கருத்தால் அது திறந்த மரம், ஸ்டெயின் பிடிக்கும். முத்துப் போல நின்றால் மேலே பூச்சு இருக்கிறது. அதை முழுக்க எடுக்காமல் ஸ்டெயின் உள்ளே போகாது. பழைய பூச்சின் மேல் ஸ்டெயின் தேய்ப்பது வீண் வேலை.

புது வீடு கட்டுபவர்களுக்கு இங்கே முக்கியமான ஒன்று. பட்டறையிலிருந்து நிலைகள் வரும்போதே பிங்க் நிற வுட் பிரைமர் அடித்து அனுப்புவது நம் ஊர் வழக்கம். அவர்கள் நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள், மரம் காய்ந்து வெடிக்காமல் இருக்க. ஆனால் பிரைமர் ஏறிவிட்டால் ஸ்டெயின் வாய்ப்பு அங்கேயே போய்விட்டது. எந்த நிலைக்கு ஸ்டெயின் என்று மரம் அறுக்கக் கொடுக்கும்போதே ஆசாரியிடம் சொல்லி, சாக்பீஸால் எழுதியும் வையுங்கள். சுவருக்குள் போகும் முதுகுப் பக்கத்துக்கு மட்டும் கரையான் மருந்தும் பிரைமரும் அடித்துக்கொள்ளட்டும். முன்பக்கத்தைப் பாலித்தீன் கவர் சுற்றிக் கட்டிவிட வேண்டும். சுவர்ப் பூச்சு வேலையின்போது தேக்கின் மேல் சிமெண்ட் தண்ணீர் வழிந்தால் கருங்கறை படியும், அது சுலபத்தில் போகாது.

பழைய வீட்டுப் பெயிண்ட்டை எடுக்கப் போகிறீர்கள் என்றால் தயவுசெய்து கவனமாக இருங்கள். வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக்கூடாது என்ற மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு விதி, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமலில் ஈயம் இருக்கலாம் என்று எடுத்துக்கொள்வதே நல்லது. அதை உலர்வாகத் தேய்க்கக் கூடாது, தீயால் வாட்டவும் கூடாது. தண்ணீர் தெளித்து நனைத்தபடி தேயுங்கள், அல்லது ரிமூவர் ஜெல் தடவிச் சுரண்டுங்கள். மாஸ்க் போடுங்கள், துணி மாஸ்க் போதாது. குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அன்று வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். சுரண்டிய தூளைச் செடிக்குழியில் போட வேண்டாம்.

படி 4: மாதிரிப் பலகை

கடை அட்டையில் பார்த்த 'வால்நட்' உங்கள் வேங்கையில் வால்நட்டாக இருக்காது. வேங்கையின் மஞ்சளும் ஸ்டெயினின் பழுப்பும் கலந்து வேறொன்று வரும். ஆசாரியிடம் அதே மரத்தின் துண்டு இரண்டு மூன்று கேட்டு வாங்கி, கதவை எப்படித் தேய்க்கப் போகிறோமோ அதே போலத் தேய்த்து, ஸ்டெயின், சீலர், மேல்பூச்சு எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். மேல்பூச்சு ஏறினால் நிறம் இன்னும் ஒரு படி அடர்த்தியாகும். பகல் வெளிச்சத்திலும் இரவு விளக்கிலும் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். ஒரு படி இளநிறத்தில் தொடங்குவது நல்லது. அடர்த்தியைக் கூட்டலாம், குறைப்பதற்கு மரத்தைத் தேய்க்க வேண்டும்.

பெயிண்ட் அடிக்கும் முறை

பழைய பெயிண்ட் கெட்டியாக இருந்தால் முழுக்க எடுக்கத் தேவையில்லை. 180ஆம் நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை தேய்த்து, தூசியைத் துடைத்துவிட்டு மேலே அடிக்கலாம். உரிந்த இடங்களை மட்டும் மரம்வரை சுரண்டி, அங்கே பிரைமர் வையுங்கள்.

புது மரம் என்றால் 120இல் தொடங்கி 180 வரை தேய்க்க வேண்டும். பிறகு வுட் பிரைமர். அதற்குப் பின்தான் பட்டி. பிரைமருக்கு முன்னால் பட்டி வைத்தால் அதிலுள்ள எண்ணெயை மரம் உறிஞ்சி, பட்டி பொடிந்து விழும். பட்டி காய்ந்ததும் தேய்த்து, இன்னொரு பிரைமர், அப்புறம் எனாமல் இரண்டு கை. ஒவ்வொரு கைக்கும் இடையில் ஓர் இரவு விடுங்கள், 320ஆல் லேசாகத் தேய்த்து ஈரத்துணியால் துடையுங்கள். மூன்று மணி நேரத்தில் தொட்டால் ஒட்டவில்லை என்று அடுத்த கையை ஏற்றினால், அடியில் இருப்பது காயாமல் சுருக்கம் விழும்.

தின்னரை அளவோடு சேர்க்கச் சொல்லுங்கள். அளவு டப்பாவிலேயே போட்டிருக்கும். நீர்க்க நீர்க்கப் பரப்பு அதிகம் வரும், நிற்கும் காலம் குறையும். எண்ணெய் வாடை ஒத்துக்கொள்ளாத வீடுகளுக்கு நீரில் கரையும் எனாமல் இப்போது எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. சீக்கிரம் காயும், வெள்ளை நிறம் மஞ்சளாகாது. எண்ணெய் எனாமலில் வெள்ளை, வெளிச்சம் குறைந்த அறைகளில் கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளாகத்தான் செய்யும்.

ஸ்டெயின் போடும் முறை

இங்கே முக்கால் வேலை தேய்ப்பதில் இருக்கிறது. பெயிண்ட் குறையை மறைக்கும், ஸ்டெயின் எடுத்துக் காட்டும். ரேகைக்குக் குறுக்காக ஒரு முறை தேய்த்திருந்தாலும் நிறம் ஏறியதும் அந்தக் கீறல் கருங்கோடாகத் தெரியும். 80, 120, 180 என்று வரிசையாக, எப்போதும் ரேகையின் போக்கிலேயே தேயுங்கள். 220க்கு மேல் போக வேண்டாம், மரம் வழவழப்பாகி ஸ்டெயின் உள்ளே இறங்காது. குறுக்கு வெட்டுப் பகுதிகள் மட்டும் விதிவிலக்கு. அவை நிறத்தை அதிகம் குடித்துக் கருத்துவிடும், அங்கே இன்னும் ஒரு நம்பர் நைசாகத் தேய்த்துவிடுங்கள்.

மூட்டுகளில் வழிந்து காய்ந்த பெவிகால், ஸ்டெயின் போட்டதும் வெளிறிய திட்டாகக் காட்டிக்கொடுக்கும். ஈரத்துணியால் மூட்டுகளைத் துடைத்து, சாய்வாக டார்ச் அடித்துப் பார்த்தால் முன்கூட்டியே தெரியும், அந்த இடத்தைச் சுரண்டிவிடலாம். ஆணிக்குழிகளை அடைக்கும் வுட் ஃபில்லரும் மரம் போல நிறம் குடிக்காது. அதே மரத்தின் நைசுத்தூளையும் கொஞ்சம் நிறத்தையும் முன்பே கலந்து அடைக்க வேண்டும்.

தேக்குக்கு மட்டும் ஒரு கூடுதல் வேலை. அதில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு, பூச்சு சரியாகக் காயாமல் போக அதுவும் ஒரு காரணம். ஸ்டெயினுக்குச் சற்று முன் தின்னர் நனைத்த துணியால் ஒரு முறை துடைத்து, ஆவியானதும் தொடங்குங்கள்.

ஸ்டெயின் டப்பாவை அடிவரை நன்றாகக் கலக்குங்கள், நிறத்தூள் அடியில் படிந்திருக்கும். பனியன் துணியில் தொட்டு ரேகையோடு தடவி, சில நிமிடங்களில் மிச்சத்தைச் சுத்தத் துணியால் துடைத்து எடுத்துவிடுங்கள். துடைக்காமல் விட்டால் மேலே பிசுக்காக நிற்கும், அதன் மேல் சீலர் பிடிக்காது. ஒரு பலகையைத் தொடங்கினால் முடிக்காமல் டீ குடிக்கப் போக வேண்டாம். பாதியில் காய்ந்த இடத்தில் கோடு விழுந்துவிடும். பலகைகள் காடியில் சொருகி நிற்கும் கதவாக இருந்தால், சட்டத்தில் சொருகும் முன்பே பலகைகளுக்கு ஸ்டெயின் போடச் சொல்லுங்கள். இல்லையென்றால் கோடையில் பலகை சுருங்கும்போது ஓரத்தில் நிறமில்லாத வெள்ளைப் பட்டை எட்டிப்பார்க்கும்.

ஓர் இரவு காய்ந்ததும் சீலர் இரண்டு கை, நடுவில் 320. பிறகு மேல்பூச்சு. எந்த மேல்பூச்சு என்பதில் என் கருத்து இது. அலமாரிக்கும் கட்டிலுக்கும் மெலமைன் போதும். வாசல் கதவுக்கும் மேஜைக்கும் வெளிப்புறத்துக்கான பி.யு. போடுங்கள், செலவு அதிகம் என்றாலும். அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பஞ்சால் ஏற்றும் பழைய பிரெஞ்சு பாலிஷின் ஆழமான மினுமினுப்பு வேறு எதிலும் வருவதில்லை. தாத்தாவின் சாய்வு நாற்காலி, பழைய பீரோ போன்ற தண்ணீர் படாத சாமான்களுக்கு அதையே போடச் சொல்வேன். தண்ணீர் நின்றாலும் சூடான டம்ளரை வைத்தாலும் அது வெள்ளை பூத்துவிடும்.

ஆளி விதை எண்ணெய் தடவுகிறீர்கள் என்றால் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காயும்போது தானாகச் சூடேறித் தீப்பற்றும். கொடியில் விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

வாசல்படி என்ற தனிப் பிரச்சினை

நம் வீட்டு நிலைப்படி வாரா வாரம் கழுவப்படுகிறது, மஞ்சள் பூசப்படுகிறது, குங்குமம் வைக்கப்படுகிறது, எல்லார் காலும் படுகிறது. வெள்ளைப் பெயிண்ட் அடித்தால் மஞ்சள் கறை நிரந்தரம். பிரெஞ்சு பாலிஷ் இரண்டு வாரம்கூடத் தாங்காது. பளபளப்பான பி.யு. ஈரத்தில் வழுக்கும், மிதிபடும் இடத்தில் தேய்ந்து திட்டாகும். என் அனுபவத்தில் படிக்கு மட்டும் மேலே தோலாக நிற்காத எண்ணெய்ப் பூச்சு நல்லது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை துடைத்துவிட்டு மறுபடி தடவினால் முடிந்தது, எதையும் சுரண்ட வேண்டாம். மஞ்சள் பூசினாலும் அந்தப் பழுப்போடு இழைந்துபோகும்.

எப்போது செய்வது

தை முதல் பங்குனி வரை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பாலிஷ் வேலையே வேண்டாம். காற்றின் ஈரம் காயாத பூச்சில் படிந்து மெலமைனும் அவலரக்கும் புகைபிடித்தது போல வெளுக்கும். உப்பிய மரத்தில் பெயிண்ட் அடித்தால் கோடையில் மூட்டுகள் பிளக்கும். சித்திரை உச்சி வெயிலில் அடிப்பதும் தவறு, பிரஷ் ஓட்டம் சமமாகும் முன்பே காய்ந்து கோடு நிற்கும். காலையில் வெயில் படாத பக்கத்தில் தொடங்கி, வெயில் நகர நகர நீங்களும் நகருங்கள்.

பிறகு பராமரிப்பது

பெயிண்ட்டில் விரிசல் தெரிந்த உடனே அந்த இடத்தை மட்டும் தேய்த்து, பிரைமர் வைத்து அடைத்துவிடுங்கள். மேற்கு ஜன்னல்களை வருடத்துக்கு ஒரு முறை, மழைக்கு முன் ஆவணியில் பார்த்தால் போதும். பி.யு., மெலமைன் போட்ட கதவில் மினுமினுப்பு குறைந்து தண்ணீர் முத்துப் போல நிற்காமல் போனால், மேல்பூச்சு மட்டும் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். மரம் வெளிறும் முன் 320ஆல் தேய்த்து இன்னொரு கை ஏற்றிவிட்டால் ஸ்டெயினைத் தொடவே வேண்டாம். சாம்பல் நிறம் தட்டிவிட்டதென்றால் அடிவரை எடுத்து முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

வேலை முடிந்த அன்றே மிச்ச ஸ்டெயினை ஒரு சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் விளிம்புவரை ஊற்றி மூடி, கலவை அளவையும் தேதியையும் ஒட்டி வையுங்கள். மாதிரிப் பலகையின் பின்னால் ஸ்டெயினின் பெயர், எத்தனை கை, எந்த மேல்பூச்சு என்று எழுதி அலமாரிக்குள் போட்டுவிடுங்கள். ஐந்து வருடம் கழித்து வேறொரு பாலிஷ்காரர் வரும்போது அந்தத் துண்டைக் கையில் கொடுத்தால் போதும், அவர் அங்கிருந்தே தொடங்குவார்.